முகமன்

எங்கள் சபையாருக்குள் ஒரு முகமன் உண்டு.
கதவு திறந்ததும் 'கடவுளின் வாழ்த்து' என்போம்.
தபால்காரருக்கு, மின்மானி பார்க்க வருபவருக்கு
வெறும் 'நல்ல நாள்' போதும்.

மார்ச் மாதம். ஔலுவிலிருந்து
இரண்டு மணி நேரப் பேருந்து.
அக்கா லாஹ்யா கதவைத் திறந்தாள்.
இடுப்பில் ஒன்று, முழங்காலைப் பிடித்தபடி இரண்டு,
உள்ளே எங்கோ நாலாவதின் அழுகை.
முதலில் என் காதுகளைத்தான் பார்த்தாள்.
பேருந்திலேயே தோடுகளைக் கழற்றிவிட்டேன்.
துளைகளைக் கழற்ற முடியாதே.
'நல்ல நாள், சென்யா' என்றாள்.

இனி அந்தத் தபால்காரர் எனக்கு ஒன்றுவிட்ட அண்ணன்.

ஏன் போனாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.
கேட்டால் சொல்ல ஒரு பதில் வைத்திருந்தேன்,
வழியெல்லாம் ஒத்திகை பார்த்தது.
உண்மை, சுதந்திரம் என்று
கனமான சொற்களெல்லாம் அதில் இருந்தன.
நடந்தது அவ்வளவு கனமில்லை.
ஒரு ஞாயிறு, பிரசங்கத்தின் நடுவே,
முன்வரிசைப் பெண்ணின் பின்னலில்
ஒற்றை முடி பிரிந்து நின்றது.
எல்லோரும் எழுந்து போனபிறகும்
அது இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
அடுத்த ஞாயிறு தூங்கிவிட்டேன்.
அதற்கடுத்ததும்.
தூங்கித் தெய்வத்தைத் தொலைத்தவள் என்று
எந்தப் பதிவேட்டில் எழுதுவார்கள்?

செவிலியர் படிப்பு ஒன்றரை வருடத்தில் நின்றது.
இப்போது ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
மற்றவர்களின் காய்ச்சல் படிந்த போர்வைகள்.
இருபத்து நான்கு வயதில் இதுதானா என்றால்
இதுவும்தான்.

சாலையோரத் தபால்பெட்டி வரிசையில்
ஔகுஸ்தியின் குடும்பப்பெயர், புது எழுத்தில்.
அவனிடம் மாட்டேன் என்று சொன்னது
இதேபோல் ஒரு மார்ச்சில்தான்.
நல்லவன். அதுதான் சிக்கலே.
போட்டுப் பார்த்துத் திருப்பிக் கொடுத்த கோட்டை
இன்னொருத்தி மேல் பார்க்கிறமாதிரி இருந்தது.
அவளுக்குத் தோள் அளவு
சரியாகத்தான் பொருந்தியிருக்கிறது.

இரவு, பிள்ளைகள் அடங்கியபின்,
சௌனாவின் சூடு இன்னும் மரத்தில் இருக்க,
உடைமாற்றும் அறை பெஞ்சில் உட்கார்ந்து
லாஹ்யா கம்பளிக் காலுறைகளை உருவினாள்.
'உன் பையில் இருக்குமே,
நகத்துக்குப் போடுவது.'

சிவப்புதான் இருந்தது. பரவாயில்லை என்றாள்.
மங்கிய பல்பின் கீழ்
அவள் பாதத்தை என் மடியில் வைத்துக்கொண்டேன்.
ஐந்து பேறு சுமந்து அகன்ற பாதம்,
அதில் ஒன்று தங்கவில்லை.
சுண்டுவிரல் நகம் அரிசிமணி அளவுதான்,
இரண்டு முறை பிசகித் துடைத்தேன்.

'ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வாய்?'
'துணி துவைப்பேன்.'
'நானும்தான்' என்றாள்.
'அங்கே உட்கார்ந்து, மனசுக்குள்,
எத்தனை கூடை பாக்கி என்று எண்ணிக்கொண்டு.'

சிரித்தோம். பிறகு கேட்டுவிட்டேன்:
'நீ நிஜமாகவே நம்புகிறாயா?'

அவள் குனிந்து
கட்டைவிரலை ஊதிக்கொண்டிருந்தாள்.
'காயட்டும்' என்றாள்.

காலையில் அதன்மேலேயே கம்பளிக் காலுறை ஏறியது.
கஞ்சி கொதித்தது. யாரோ பாலைக் கொட்டினார்கள்.
அவள் நடை எப்போதும்போல்தான் இருந்தது,
நான்தான் ஒவ்வொரு அடியையும்
சிவப்பாகப் பார்த்தேன்.

நிறுத்தம்வரை வந்தாள்.
பேருந்துக் கதவு மூடுமுன்
'கடவுளின் சமாதானம்' என்றாள்.
சபையார் சபையாரிடம் விடைபெறுகிற சொல்.
எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று
திரும்பிப் பார்த்தேன்.
வழித்துக் குவித்த பனி மட்டும், அழுக்காக.

வாய்தவறியதா? பழக்கமா?
தெரிந்தேதான் தந்தாளா?
திரும்புவதற்குள் கதவு மூடி, வண்டி நகர்ந்து,
அவள் கைக்குழந்தையின் குல்லாயைச்
சரிசெய்துகொண்டிருந்தாள்.

லிமிங்காவின் வெட்டவெளி வயல்கள் வந்தபோது
பதில் சொல்லிப் பார்த்தேன், உதட்டுக்குள்,
எனக்கு அந்தச் சொல்லில் உரிமை இருக்கிறதா
என்று தெரியாமலே.
ஓட்டுநர் கண்ணாடியில் ஒருமுறை பார்த்தார்.
ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன்.

ஔலு வந்து பையைத் துழாவினேன்.
தோடுகள் இருந்தன.
சிவப்புக் குப்பியைக் காணோம்.